சாம்பிராணி காட்டிய கை

கப்பலில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவனுக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

அவன் மேல்தளத்தில் உட்கார்ந்திருப்பான். சரக்கு முப்பது அடி ஆழத்தில், இருட்டறைக்குள் கிடக்கும். அந்தப் பள்ளத்தின் விளிம்பில் ஒருவன் நின்று கீழே பார்த்துப் பார்த்து மேலே கை காட்டுவான். விரலைச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்கு. கையை உயர்த்தி மூடினால் நிறுத்து. மூடிய கைக்கு மட்டும் கேள்வி கிடையாது. ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தால் கீழே ஒருத்தன் மூட்டைக்கு அடியில் போயிருப்பான்.

அந்தக் கை என்னுடையது. என் பெயர் இன்னாசி. வின்ச்சில் உட்கார்ந்தவன் லியோனார்டு. ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் இருவருக்கும் எதிரெதிர் வீடு. ஒரே நாளில் மாதா கோயிலில் புதுநன்மை வாங்கினோம், ஒரே வருஷத்தில் ஹார்பரில் சேர்ந்தோம். ஏழு வருஷம் என் கையைப் பார்த்தே அவன் லீவரைத் தள்ளினான். அறுபத்துமூன்றில் ஒரு நாள் இரும்புச் சட்டங்களைக் கட்டியிருந்த கயிறு நழுவியது. நான் கையை மூடினேன், அவன் நிறுத்தினான். கீழே நின்ற சௌக்கத் அலியின் தலைக்கு ஒரு முழம் மேலே சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று சாயந்திரம் சௌக்கத் அலி எங்கள் இருவருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். சாப்பிட்டுக்கொண்டே லியோனார்டு சொன்னான்:

"கண்ண மூடிக்கினு கூட உன் கைய பார்ப்பேன் மாமு."

"கண்ண மூடிக்கினா எப்டிடா தெரியும்?" என்றேன்.

"தெரியும்" என்றான்.

எங்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்குக் கோயில் ஹாலில் ஒரு நாடகம் போடுவோம். 'பதிமூணாம் நம்பர் வூடு' என்று பெயர். எழுதுகிறவர் அருள்பிரகாசம், கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் குமாஸ்தா. அதே வீடு, அதே ஆட்கள், மாசா மாசம் புதிதாக ஒரு வம்பு. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். அடுத்த மாசம் பழையபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் நிரந்தரமாகக் கெட்டுப்போனதில்லை. ஜனங்களுக்கு அதுதான் பிடித்தது என்று நினைக்கிறேன்.

லியோனார்டுதான் கதாநாயகன். மாசம் ஒரு பெண்ணைக் காதலிப்பான். பெண் வேஷம் போட யாரும் வரமாட்டார்கள் என்பதால் கதாநாயகி எப்போதும் ஒரு ஜன்னலுக்குப் பின்னாலேயே இருப்பாள். வளையல் சத்தம் மட்டும் கேட்கும். அந்த வளையலைக் குலுக்குவது அருள்பிரகாசத்தின் தங்கை எல்சி. அவள்தான் எங்கள் எல்லாருக்கும் வசனத்தைத் தனித்தனித் தாளில் எழுதிக் கொடுப்பாள், மறைவில் நின்று மறந்துபோன வரியை எடுத்தும் கொடுப்பாள்.

என் வேஷத்துக்குப் பெயர் சாம்பிராணி. கதாநாயகனின் தோஸ்து. அவன் காதலில் விழுந்ததும் நேரே என்னிடம் வருவான், நான் யோசனை சொல்வேன். யோசனை மட்டமாகத்தான் இருக்கும். ஆனால் சொல்லி முடித்ததும் நெஞ்சில் தட்டி, "நான் கீறேன் நைனா, நீ போ" என்பேன். அவன் போவான், பெண்ணின் அப்பனிடம் உதை வாங்குவான். நான் கூடவே நின்று பாதி உதையை வாங்கிக்கொள்வேன். சாம்பிராணிக்கு மூளை கிடையாது, ஆனால் தோஸ்தை விட்டுவிட்டு ஓடமாட்டான். "நான் கீறேன் நைனா" என்று நான் ஆரம்பித்தால் "நீ போ" என்று மொத்த ஹாலும் சேர்ந்து சொல்லும். தெருவில் என்னை இன்னாசி என்று கூப்பிடுகிறவர்களே குறைந்துபோனார்கள். மீன் வாங்கப் போனாலும் சாம்பிராணிதான்.

ஹார்பர் கையை மேடைக்குக் கொண்டுபோன பாவி நான்தான். ஒரு மாசம் கதையில் சிரிப்புப் போதவில்லை என்று அருள்பிரகாசம் தலையைச் சொறிந்தார். நான் சொன்னேன், அவன் பெண்ணின் வீட்டுக்குப் போகும்போது நான் ஓரத்தில் நின்று சிக்னல் கொடுக்கிறேன் என்று. விரலைச் சுழற்றுவேன், போவான். பெண்ணின் அப்பன் தடியோடு வருவதைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தி மூடுவேன். லியோனார்டு என் கையைப் பார்ப்பான், பல்லைக் காட்டுவான், நேரே உள்ளே போய்விடுவான். அவ்வளவுதான். ஹாலில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஹார்பர் குடும்பம். மூடிய கையைப் பார்த்துவிட்டு ஒருத்தன் மேலே போகிறான் என்பது அவர்கள் கனவிலும் பார்க்காதது. பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அதற்கப்புறம் எந்த மாசமும் அது இல்லாமல் நாடகம் கிடையாது.

எங்கள் கேங்கின் மேஸ்திரி ராமதாஸ் ஒரு தடவை குடும்பத்தோடு வந்து பார்த்தார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"கோமாளித்தனம் பண்றதுக்கு ஆயிரம் கீது இன்னாசி. அந்தக் கைய மட்டும் வெளாட்டுக்குக் காட்டாத."

"மேடைலதான மேஸ்திரி."

"மேடைக்குன்னு வேற கையா வெச்சிருக்க?" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

அறுபத்தைந்து அக்டோபரில் ஒரு நாள், அத்தாவுல்லா பாய் டீக்கடையில் லியோனார்டு என்னைக் கேட்டான்.

"மாமு, அருளு தங்கச்சிய கேக்கலாம்னு கீறேன். நீ இன்னா சொல்ற?"

"எல்சியையா?"

"அந்த வளையலு சத்தம் கேட்டாலே எனக்கு டயலாக்கு மறந்துபூடுது. அது எடுத்துக் குடுக்கும்னே மறக்குறனோ இன்னாவோ, தெர்யல."

அவன் அம்மா செத்து இரண்டு வருஷமாகியிருந்தது. அதில் முதல் வருஷம் முழுக்க அவன் எப்படி இருந்தான் என்று எனக்குத் தெரியும். வேலை விட்டதும் கள்ளச்சாராயம், ஞாயிறு பூசைக்குக் கூட வரமாட்டான். இந்த நாடகத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து நான்தான் அவனை மனுஷனாக்கினேன் என்று எனக்குள் ஒரு கர்வமே இருந்தது. இப்போது முகம் வழித்து, எண்ணெய் தேய்த்து வாரி, எதிரில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கீறேன் நைனா, நீ போ" என்றேன்.

பாய் கல்லாவிலிருந்து சிரித்தார். எல்சி என்ன நினைக்கிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை. எங்கள் நாடகத்திலும் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவளை யாரும் கேட்டதில்லை.

அருள்பிரகாசம் உடனே சரி என்றுவிட்டார். குடிப்பதில்லை, ஹார்பரில் நிரந்தர வேலை, மாமியார் நாத்தனார் என்று வீட்டில் யாருமில்லை, அவருக்கு வேறென்ன வேண்டும். டிசம்பரில் நிச்சயம் செய்தார்கள். தவக்காலத்துக்கு முன்னால் கல்யாணம் என்று முடிவாயிற்று. ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்து வரும் ஞாயிறுகளில் ஓலை வாசிப்பார்கள்.

எங்கள் கோயில் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசிப்பார், அதுதான் ஓலை. இந்த மணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்ல வேண்டும், சொல்லாமல் மறைப்பது பாவம் என்பார். மூன்று தடவை கேட்பார். மூன்று வாரம் டயம் இருக்கிறது.

முதல் ஓலைக்கு மூன்று நாள் முன்னால் ஹாலில் ஒத்திகை. எல்லாரும் டீ குடிக்கப் போன நேரத்தில் எல்சி என் வசனத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"இன்னாசி அண்ணே, ஒண்ணு சொல்லணும். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"அவர் மேல ஒரு குத்தமும் இல்ல. நல்லவருதான். எனக்கு வேணாம், அவ்ளோதான். திருச்சில டீச்சர் ட்ரெய்னிங்குக்கு எழுதிப் போட்டிருந்தேன், எடம் கெடச்சிருக்கு. அண்ணன்கிட்ட சொன்னேன். பொண்ணுங்கன்னா அப்டித்தான் சொல்லும்னு சிரிக்கிறாரு. அம்மாகிட்ட சொன்னா அழுவுது."

"சாமியார்கிட்ட சொல்லலாமேம்மா."

"அண்ணன் பக்கத்துல நின்னுகினு இருக்கும்போதுதான் சாமியார் கேக்குறாரு. எனக்கு வாய் வரலண்ணே. அவரே வேணாம்னுட்டா அண்ணனால ஒண்ணும் பண்ண முடியாது. அவரு யார் பேச்சையும் கேக்கமாட்டாரு, உங்க பேச்சத் தவிர. நீங்க நிறுத்துன்னா நிறுத்திடுவாரு."

"சரிம்மா. நான் சொல்றேன்" என்றேன்.

அவள் முகம் அப்படியே தளர்ந்துபோயிற்று. அழுவாளோ என்று பயந்தேன். அழவில்லை. மறைவுக்குப் போய் வளையல்களை எடுத்து வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வருவதற்காகக் காத்திருந்தாள்.

மறுநாள் சாயந்திரம் டீக்கடையில் அவனிடம் சொல்லிவிடுவது என்று போனேன். அவன் எனக்கு முன்னாலேயே வந்திருந்தான். வீட்டுக்கு வெள்ளையடித்ததில் கையெல்லாம் சுண்ணாம்பு. எல்சிக்குப் படிக்கப் பிடிக்கும் என்று ஜன்னலோரம் ஒரு மேஜை வாங்கிப் போட்டிருப்பதாகச் சொன்னான். அதைச் சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"நைனா, எல்சி விஷயமா ஒண்ணு" என்று ஆரம்பித்தேன்.

"எனக்கும் ஒரே பயமா கீது மாமு" என்றான். "நானு ஏழாங்கிளாசு. அது எஸ்.எஸ்.எல்.சி. ஒத்துவருமா? நீ சொல்லு. வேணாம்னா இப்பவே வுட்டுடறேன்."

இப்படி ஒரு கதவை யாரும் எனக்கு இவ்வளவு அகலமாகத் திறந்து வைத்ததில்லை. வேணாம் என்று ஒரு வார்த்தை போதும். அவன் காரணம் கூடக் கேட்டிருக்கமாட்டான். நான் அவன் கையில் இருந்த சுண்ணாம்பைப் பார்த்தேன். மறுபடியும் அவன் கள்ளச்சாராயத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது. வாயைத் திறந்தேன்.

"நான் கீறேன் நைனா, நீ போ."

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். லியோனார்டு என் தோளைத் தட்டிவிட்டு இன்னொரு டீ சொன்னான். நான் அதையும் குடித்தேன்.

முதல் ஓலை வாசித்தார்கள். சொல்லவில்லை. அடுத்த வாரம், இவனிடம் முடியாவிட்டால் சாமியாரிடமே சொல்லிவிடலாம் என்று சாமியார் வீட்டுக்குப் போனேன். வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "வாய்யா சாம்பிராணி, இந்த மாசம் என்ன கூத்து?" என்றார். இந்த மாசக் கதையைச் சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டாம் ஓலையும் ஆயிற்று.

எனக்கு என்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், ஹார்பரில் கை காட்டினேன். ஒரு கையும் தப்பாகக் காட்டவில்லை.

மூன்றாம் ஓலையின்போது பெண்கள் பக்கம் முக்காட்டோடு உட்கார்ந்திருந்த எல்சி திரும்பி என்னைப் பார்த்தாள். தடை ஏதும் அறிந்தவர்கள் என்று சாமியார் கேட்டுவிட்டு நிறுத்தினார். யாரோ இருமினார்கள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தேன். சாமியார் அடுத்த அறிவிப்புக்குப் போனார்.

கல்யாணம் பிப்ரவரியில், காலை ஒன்பது மணி பூசையில். நான்தான் மாப்பிள்ளைத் தோழன். கடன் வாங்கின கோட்டைப் போட்டுக்கொண்டு லியோனார்டுக்கு ஒரு எட்டு பின்னால் நின்றேன். எல்சி வெள்ளைப் புடவையில், தலையில் வலைத்துணி போட்டு, கையில் புதுக் கண்ணாடி வளையல்களோடு நின்றாள். சத்தமே வரவில்லை. கையை அவ்வளவு இறுக்கமாக வைத்திருந்தாள்.

சாமியார் லியோனார்டிடம் சம்மதமா என்று கேட்டார்.

அவன் பதில் சொல்வதற்கு முன்னால் திரும்பி என்னைப் பார்த்தான். அது பழக்கம். ஏழு வருஷமாக லீவரில் கை வைக்குமுன் என்னைப் பார்த்தவன். கண்ணில் அதே கேள்வி, தூக்கட்டுமா என்று.

என் கை தானாக உயர்ந்தது. தோளுக்கு மேலே போயிற்று. மூடினேன்.

வேலையில் எப்படி மூடுவேனோ அப்படித்தான் மூடினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. விளையாட்டு ஒரு துளி கிடையாது. நிறுத்துடா என்று உடம்பு முழுக்க சொல்லிற்று.

லியோனார்டு என் கையைப் பார்த்தான். பல்லைக் காட்டினான். திரும்பிக்கொண்டு, "சம்மதம் சாமி" என்றான்.

எனக்குப் பின்னால் மொத்தக் கோயிலும் சிரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். அருள்பிரகாசம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாமியார் என்னை முறைத்தார், ஆனால் அவருக்கும் உதடு துடித்தது. கையை இறக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்து எல்சியைக் கேட்டார். மேடையில் வசனம் மறந்தவர்கள் நிற்பது போல நின்றாள். சிரிப்பு அடங்கிற்று. வெட்கப்படுகிறாள் என்று பெண்கள் பக்கம் யாரோ சொன்னார்கள். சாமியார் குனிந்து, "சம்மதம் சாமி என்று சொல்லம்மா" என்று எடுத்துக் கொடுத்தார். சொன்னாள்.

பூசை முடிந்ததும் கோயில் ரெஜிஸ்தரில் சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். அதே கைதான்.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. அந்த வருஷம் முழுக்க கோதுமைக் கப்பல் வந்துகொண்டே இருந்தது. லியோனார்டு தினமும் நாலடுக்கு டிபன் கேரியரில் சாப்பாடு கொண்டுவந்தான். எல்சி நாடகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வளையலை அருள்பிரகாசமே குலுக்கினார். அவருக்குக் குலுக்கத் தெரியாது, மாட்டு வண்டி போவது போல இருக்கும். ஜனங்கள் அதற்கும் சிரித்தார்கள்.

ஒரு தடவை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். எல்சி காபி கொண்டுவந்து வைத்தாள். ஜன்னலோர மேஜையில் மடித்த துணிகள் அடுக்கியிருந்தன.

"கோயில்ல கை தூக்கினீங்களே அண்ணே" என்றாள்.

"ஆமாம்மா."

"அது எனக்குத் தெரியும், நெஜம்னு. கையத் தூக்குறதுக்குப் பதிலா வாயத் தொறந்திருக்கலாம்."

குரலில் கோபம் இல்லை. கணக்குப் பாடத்தில் தப்பைக் காட்டுகிற டீச்சர் மாதிரி சொன்னாள். நான் காபியைக் குடித்தேன். நன்றாக இருந்தது என்று கூடச் சொன்னேன் போலிருக்கிறது.

அதற்குச் சில நாள் கழித்து லியோனார்டு மறுபடி என்னிடம் யோசனை கேட்டான்.

"ஒரு கொறையும் இல்ல மாமு. அதான் பேஜாரா கீது. ஆக்கிப் போடுது, தோய்க்குது, கேட்டா பதிலு சொல்லுது. கேக்கலன்னா ஒண்ணும் பேசாது. நான் வூட்டுக்குள்ள வந்தா எழுந்து நிக்குது, எவனோ ஆபீசர் வந்த மாதிரி. நான் இன்னா செய்யட்டும் சொல்லு."

"பூ வாங்கினு போயேன்" என்றேன்.

வாங்கிப் போனான். அவள் அதை மாதா படத்துக்குப் போட்டாளாம். மறுநாள் இன்னொரு யோசனை கேட்டான். எனக்கு ஒன்றும் வரவில்லை. சாம்பிராணிக்கும் வரவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில், கப்பலுக்கு இந்தப் பக்கம் நிழலில் உட்கார்ந்திருந்தோம். அவன் கேரியரைத் திறக்கவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன, குடித்ததனால் அல்ல.

"எல்சி சொல்லிச்சி" என்றான். "நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். உன்கிட்ட முன்னாடியே சொன்னிச்சாமே, வேணாம்னு."

"ஆமா."

"எப்போ?"

"மொத ஓலைக்கு முன்ன."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். ஏன் சொல்லவில்லை என்று கேட்பான் என்று காத்திருந்தேன். அதைக் கேட்கவில்லை.

"கோயில்ல கைய மூடினியே. அது இன்னான்னு அதுகிட்ட கேட்டேன். அத்த அவரையே கேளுங்கன்னிடுச்சி. அதான் கேக்குறேன். மூடினது இன்னாசியா, சாம்பிராணியா?"

என் வாழ்க்கையிலேயே அவ்வளவு வேகமாக நான் யோசித்ததில்லை. இன்னாசி என்று சொன்னால் அது உண்மை. உண்மையைச் சொன்னால், அவன் மூடிய கையைப் பார்த்துவிட்டுப் போனவன் ஆகிவிடுவான். ஒரு பெண் கீழே நிற்கும்போது கையைப் பார்த்து, பல்லைக் காட்டி, மேலே போனவன். ஆயுசுக்கும் அதை வைத்துக்கொண்டு அவன் எப்படி லீவரைத் தொடுவான், எப்படி அந்த வீட்டுக்குள் போவான். சாம்பிராணி என்று சொன்னால் தெரிந்தும் சொல்லாமல் கோயிலில் நின்று வேடிக்கை காட்டின நாய் நான் ஒருத்தன்தான். அவன்மேல் ஒன்றும் இல்லை.

"சாம்பிராணி" என்றேன்.

"சிரிப்பு காட்டினியா?"

"ஆமா. ஜனம் சிரிக்கட்டும்னு."

அவன் மூச்சை விட்டான். தோள் இரண்டும் இறங்கின. நன்றாகப் பார்த்தேன், முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"நான் பார்த்துட்டுப் போய்ட்டனோன்னு நெனச்சிட்டேன்" என்றான். "ரெண்டு நாளா சோறு எறங்கல."

பிறகு எழுந்தான். திறக்காத கேரியரை எடுத்துக்கொண்டான்.

"அந்தப் பொண்ணு உன்ன நம்பி சொல்லிச்சி. நான் உன்ன நம்பி குந்தினு கீறேன். நீ எங்க ரெண்டு பேர வெச்சி சிரிப்பு காட்டிக்கினு கீற." நிதானமாகத்தான் சொன்னான். "இனிமே என்ன எங்கியும் தோஸ்துன்னு சொல்லிக்காத இன்னாசி."

எத்தனையோ வருஷத்துக்கப்புறம் அவன் வாயிலிருந்து என் பெயர் வந்தது. மாமு இல்லை, சாம்பிராணியும் இல்லை. நான் உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாள் அவன் ராமதாஸ் மேஸ்திரியிடம் சொல்லி வேறு கேங்குக்குப் போய்விட்டான். நாடகத்துக்கும் வரமாட்டேன் என்றுவிட்டான். கதாநாயகன் இல்லாமல் 'பதிமூணாம் நம்பர் வூடு' நின்றது. அடுத்த ஜூனில் எல்சி ட்ரெய்னிங்குக்குத் திருச்சி போனதாகவும், அவனே ரயிலேற்றிவிட்டதாகவும் அத்தாவுல்லா பாய் சொன்னார். அவன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை. எதிர் வீடுதான். சாயந்திரம் ஜன்னலில் விளக்கு எரியும், அந்த மேஜை தெரியும். குடிக்கவில்லை, அது மட்டும் எனக்குத் தெரியும்.

லியோனார்டு விட்டுப்போன என் வின்ச்சுக்கு எத்திராஜ் என்று ஒருத்தன் வந்தான். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்து ஆள். கறுப்பாக, கட்டுமஸ்தாக, பேச்சே இல்லாமல் இருப்பான். ராயபுரம் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை, எங்கள் நாடகத்தைக் கேள்விப்பட்டது கூட இல்லை.

முதல் நாள் காலை, மூட்டைகள் பாதி தூரம் ஏறிக்கொண்டிருந்தன. கயிறு சரியாக இருந்தது. கீழே யாருமில்லை. நான் கையை உயர்த்தி மூடினேன்.

உடனே நின்றது.

எத்திராஜ் லீவரைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை. மூட்டைகள் நடு ஆகாயத்தில் தொங்கின. நான் கையை எடுக்கவில்லை. அவனும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னா ஆச்சிண்ணே?" என்று கத்தினான்.

"ஒண்ணும் இல்ல" என்றேன். விரலைச் சுழற்றினேன். தூக்கினான்.